மச்சான் ஒழித்து வைத்த அறை

எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் இந்தியன். என் மனைவியும் மகளும் பிரெஞ்சுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே மீன்குழம்பைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறோம். ஆனால் பீரோவில் இருக்கிற பாஸ்போர்ட் வேறு வேறு.

புதுச்சேரியில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்க மாட்டார்கள். என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, அந்த நாட்டு பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அவருடைய நேஷனாலிட்டி அவர் பிள்ளைகளுக்கு வந்தது. என் மனைவி வழியாக மகளுக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து நானும் கேட்கலாம் என்றார்கள். கூடவே, பிரெஞ்சில் பேச வைத்துப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். தெரியாதவர்களிடம் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாலே எனக்கு வேர்த்துவிடும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பிரெஞ்சுத் தேர்தல் வந்தால் என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இங்கே இருக்கிற பிரெஞ்சுத் தூதரகத்துக்கு ஓட்டுப் போடக் கிளம்புவாள். நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் மரநிழலில் நிற்பேன். வெளியே வரும்போது அவள் நடையே வேறாக இருக்கும். “யாருக்குப் போட்ட?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பாட்டில்களுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் மெஷின் பார்க்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அதனால் யாரும் பேச மாட்டார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிப்பட்டவனுக்கு எப்படி நேஷனாலிட்டி உள்ள பெண் கிடைத்தாள் என்று ஊரில் இன்றுவரை கேட்பவர்கள் உண்டு. அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் காபி ஆறுவதற்குள் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டார்களாம். நான் ஒருவன்தான் கேட்கவில்லை. மாமனார் அதை என் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் எனக்கு வாயே வரவில்லை. காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கே தலையைத்தான் ஆட்டினேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “எம்பொண்ணக் கப்பலேத்திக் கூட்டிட்டுப் போயிடக் கூடாது. நான் கண்ண மூடற வரைக்கும் எம்பக்கத்துல இருக்கணும்.” அதற்கும் தலையாட்டினேன்.

அப்படித்தான் நடந்தது. அவள் தம்பி, என் மச்சான், சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போய் பாரீஸுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் குடும்பத்தோடு தங்கிவிட்டான். அவள் இங்கே இருந்தாள். மாமனார் கடைசியில் படுத்த படுக்கையானார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். மச்சான் லீவில் வந்தால் ஒரு மாதம் இருப்பான். கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீ இங்க இருக்கறதாலதான் நான் அங்க நிம்மதியா தூங்கறேன்” என்பான். அவன் கொண்டுவந்த சென்ட்டும் சாக்லேட்டும் தீர்ந்துவிடும். அந்த வார்த்தையை மட்டும் அவள் வைத்துக்கொண்டிருப்பாள். பக்கத்துவீட்டு அம்மாவிடம், மீன்காரியிடம், என்னிடம் சொல்லிச் சொல்லி, எங்களுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மாமனார் போய் வருஷம் திரும்பியதும் அவள் சொன்னாள்:

“இனிமே நம்பள இங்க யாரு கட்டிப் போட்டிருக்கா? பொண்ணும் படிச்சி முடிச்சிட்டா. எந்தம்பிகிட்டப் போயிடலாம்.”

மகள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறொரு எண்ணம் இருந்தது. அவளோடு படித்த சீனியர் பெண் ஒருத்தி, காலாப்பட்டுக்காரி, ஜெர்மனிக்குப் போய் அங்கே நர்ஸாக இருக்கிறாள். அவள் சொல்லி, எங்கள் மகளும் ஃபோனிலேயே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். காலையில் பல் தேய்க்கும்போதே தொண்டையைச் செருமுவதுபோல் என்னவோ சொல்லிக்கொண்டிருப்பாள். “சளி புடிச்சிருக்கா?” என்று என் மனைவி மிளகுரசம் வைத்துக் கொடுத்தது உண்மை.

இப்படித்தான் எங்கள் வீட்டில் இரண்டு நாடுகள் வந்து உட்கார்ந்தன. எங்கேயாவது போவது என்பது முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி.

மகளின் பக்கத்து நியாயம் எளிமையானது. நம் ஊர் நர்ஸ் படிப்பைப் பிரான்சில் அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும். அதுவரை முதியோர் விடுதியில் உதவியாளாக இருக்கலாம். ஜெர்மனியில் மொழிப் பரீட்சை தேறி, கொஞ்ச நாள் அவர்கள் முறையைப் பழகிக்கொண்டால் நர்ஸாகவே வேலை செய்யலாம். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருப்பதால் குடும்பத்தோடு அங்கேயும் போய்த் தங்கலாமாம்.

“அங்க போனா நான் நர்ஸும்மா. பிரான்சுல ஆயாம்மா” என்றாள்.

“உங்கப்பனாட்டம் பேசாம இருக்கற ஜனங்ககிட்டப் போயி நர்ஸா இருந்து என்னடி பண்ணப்போற? பிரான்சுன்னா மாமா இருக்கான். கோயில் இருக்குது. முருங்கைக்காய் கெடைக்குது. எனக்கும் நாலு வார்த்தை பிரெஞ்சு வரும்.”

“நாலு இல்லம்மா, மூணு. போஞ்சூர், மெர்சி, சாவா.”

“அது போதும்டி. உங்க தாத்தா அத வெச்சிக்கிட்டு ஊரையே சமாளிச்சாரு.”

சீனியர் பெண்ணிடம் வீடியோவில் பேசும்போது என் மனைவி குறுக்கே போய்க் கேள்வி கேட்பாள். அந்தப் பெண் ஒளிக்காமல் சொல்வாள். குப்பையை வகை வகையாகப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு மிக்ஸி போட்டாலே பக்கத்துவீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மற்றபடி மாதக்கணக்கில் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

“பேச்சுத் துணைக்கு?” என்று என் மனைவி கேட்டாள்.

“பேச்சா? யாரும் பேச மாட்டாங்க ஆன்ட்டி. லிஃப்ட்ல ஏறினா ஹலோ சொல்லுவாங்க. அப்பறம் அவங்கவங்க ஷூவப் பாத்துக்கிட்டே போவாங்க.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “கேட்டீங்களா? ஜெயிலு.”

நான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த லிஃப்ட் பிடித்திருந்தது.

பிரான்சைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மச்சான் சொன்னதுதான். ஒரு லீவில் வந்தபோது அவன் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினான். அங்கே எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் போஞ்சூர் என்று வணக்கம் சொல்ல வேண்டுமாம். ரொட்டி வாங்கினாலும், மருந்து வாங்கினாலும், பஸ்ஸில் ஏறினாலும். சொல்லாமல் “ஒரு ரொட்டி குடு” என்று கேட்டால் அவமானப்படுத்தியதாக நினைப்பார்களாம். தெரிந்தவர்கள் என்றால் கன்னத்தோடு கன்னம் வேறு வைக்க வேண்டும். இங்கே எங்கள் தெரு மளிகைக் கடையில் நான் போய் நின்றாலே அண்ணாச்சி அரைக் கிலோ ரவையை எடுத்து வைத்துவிடுவார். சில நாள் எனக்கு வேண்டியது உளுந்தாக இருக்கும். இருந்தாலும் ரவையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு நாளைக்கு எத்தனை போஞ்சூர் சொல்ல வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

ஆனால் அதையெல்லாம் நான் சொல்லவில்லை. அவள் ஆசைப்படுகிறாள், போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சானுக்கு ஃபோன் போடுவது வழக்கம். இங்கே நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது அவனுக்கு அங்கே காலை. என் மனைவி ஃபோனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பேசுவாள். முதல் ஞாயிறு அவள் விஷயத்தைச் சொன்னாள். மச்சான் முகம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டது என்று அவள் ஃபோனைத் தட்டினாள்.

“இருக்கேங்க்கா, கேக்குது” என்றான். “நல்ல விஷயம்தான். பாப்பா ஏதோ ஜெர்மன் படிக்கிறான்னு சொன்னியே?”

“அது கெடக்குது. நாங்க உங்கிட்ட வர்றோம்.”

“இல்லக்கா, ஜெர்மனி நல்ல நாடு. அங்க எல்லாமே ஒழுங்கு. இங்க மாதிரி இல்ல. இங்க அடிக்கடி ஸ்ட்ரைக்கு. ஜெர்மனியில ரயிலு, சொன்ன நிமிஷத்துக்கு வந்து நிக்கும்.”

அடுத்த ஞாயிறும் ஜெர்மனியைப் புகழ்ந்தான். அங்கே ரோடு கண்ணாடி மாதிரியாம். வீட்டு வாடகை பரவாயில்லையாம். தண்ணீர்கூட ருசியாம். என் மனைவி அதை அவனுடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

“பாத்தீங்களா, எவ்ளோ பெருந்தன்மை? தான் இருக்கற நாட்டையே ஒசத்திப் பேசல பாருங்க.”

மகள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “ரயிலு நிமிஷத்துக்கு வருதாமா? எங்க சீனியர்கிட்டச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அங்க தினம் லேட்டாம். மாமா ஜெர்மனிக்குப் போயிருக்காராம்மா?”

“போவாம எப்படித் தெரியும்?”

“அதான் தெரியலியே.”

அவர்கள் இரண்டு பேரும் அதைச் சிரித்து விட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேச்சை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து படுத்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஞாபகம் வந்தது.

எனக்குப் பெண் தேடிய காலத்தில் என் அம்மா வில்லியனூர் பக்கமும் திருக்கனூர் பக்கமும் ஏறி இறங்காத வீடு இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வாசல்வரை வந்து, வெற்றிலை கொடுத்து, “உங்க புள்ள குணத்துக்கு எங்கள விட நல்ல எடமா அமையும், பாருங்க” என்பார்கள். என்னைப் புகழ்வார்கள். எங்களுக்கு அமையப்போகிற இடத்தையும், பார்க்காமலேயே புகழ்வார்கள். அம்மா சிரித்துக்கொண்டே வெற்றிலையை வாங்கி மடியில் முடிந்துகொள்வாள். பஸ் ஸ்டாண்டு வந்ததும் அடுத்த ஊர் பஸ்ஸைத் தேடுவாள்.

மச்சான் ஜெர்மனியைப் புகழ்ந்தது அதே குரலில்தான்.

ஒருவேளை நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்றும் இருந்தது. அந்த வாரமே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் ஃபோன் அடித்தது. மச்சான். அவன் எப்போதும் அக்காவைத்தான் கூப்பிடுவான், என்னைத் தனியாகக் கூப்பிட்டதில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு கம்பெனிக்கு வெளியே வந்தேன். பின்னாலிருந்து கூட வேலை செய்கிறவன் ஒருவன், “இன்னா முசே, பாரீஸ்லேருந்தா? பிளேன் அனுப்பிட்டாங்களா?” என்று கத்தினான். நாங்கள் போகப்போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து கம்பெனியில் எனக்கு முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் பெயர்.

“மாமா, சாப்ட்டீங்களா?”

“சாப்டறேன் மச்சான்.”

“வேலைல இருக்கீங்களா?”

“ஆமா.”

அவன் வெளியே எங்கேயோ நிற்கிறான் போல, காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

“இங்க ஒரே குளிரு மாமா.”

“அப்படியா.”

“அக்காவுக்குத் தாங்குமான்னு... அவளுக்கு மூச்சு எளைப்பு வேற.”

“ம்.”

“பசங்க ரெண்டும் பெரிசாயிடுச்சி மாமா. ஒரு ரூம்ல படுக்க மாட்டேங்குதுங்க. பெரியவன் ஹால்லதான் படுக்கறான். எங்க வீட்லயும்...” அவன் நிறுத்தினான். எங்க வீட்டில் என்றால் அவன் மனைவி. “அவளும் நைட்டு வேலைக்குப் போறா. பகல்ல தூங்கணும். இல்ல, சும்மா சொல்றேன்.”

“தெரியுது மச்சான்.”

“நீங்க அக்காகிட்ட ஒன்னும்...”

“நான் எதுவும் சொல்லல.”

“சரி மாமா. சாப்புடுங்க.”

வைத்துவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கே அவன் குடும்பத்தோடு லீவில் வந்தால், மூன்றாம் நாள் நான் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொள்வேன். இடம் இல்லாத வீட்டில் ஆள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மனைவிக்கு அது அப்படித் தெரியாது. அப்பாவை அவள் பார்த்துக்கொண்டாள், அவளைத் தம்பி பார்த்துக்கொள்வான். இத்தனை வருஷமும் அவள் மனதில் இருந்த கணக்கு இது ஒன்றுதான். அவன் வேண்டாம் என்று நினைக்கிறான் என்று தெரிந்தால், இனி வரப்போகிறது மட்டுமில்லை, அவள் செய்து முடித்ததுகூட ஒன்றுமில்லாமல் போய்விடும்.

வீட்டுக்குப் போனால் அவள் அப்பளம் வாங்கி வைத்திருந்தாள். தம்பி மனைவிக்குப் பிடிக்குமாம். குழம்பு மிளகாய்த்தூளுக்கு மிளகாய் காயப்போட்டிருந்தாள். அவன் பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டு எடுத்துப்போக வேண்டும் என்று டப்பா தேடிக்கொண்டிருந்தாள்.

“டிக்கெட்டே எடுக்கல, அதுக்குள்ள டப்பாவா?” என்றேன்.

“பொண்ணு சரின்னுட்டாங்க. பிரான்சே போலாம்னு சொல்ட்டா.”

மகள் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காதில் வைத்துக் கேட்கும் வயரைச் சுற்றி வைத்துவிட்டிருந்தாள். வகுப்பு நேரம்தான் அது.

“கிளாஸ் இல்லியா?” என்றேன்.

“இனிமே எதுக்குப்பா? அம்மா பாவம். எவ்ளோ வருஷமா ஆசப்படறாங்க. நான் அங்க ஒரு மூணு வருஷம் திரும்பப் படிச்சிக்கறேன்.” சொல்லிவிட்டு, “நீங்க இன்னா சொல்றீங்க?” என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி என்னை யாரும் கேட்பதில்லை. நானும் அதற்கு இடம் கொடுத்ததில்லை. “பாப்போம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு பேசிப் பார்த்தேன். சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். எதையும் மச்சான் பக்கம் திருப்பாமல் சொல்ல வேண்டும். மகள் படிப்பைக் காரணம் காட்டினால் அவளே குறுக்கே விழுந்து தான் படித்துக்கொள்வதாகச் சொல்லிவிடுவாள். மிச்சம் இருந்தது நான்தான்.

ஞாயிறு காலையில் மனைவி சங்கரா மீன் வாங்கி வந்திருந்தாள். மகள் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எனக்கு ஜெர்மனிதான் வேணும்.”

இருவரும் திரும்பினார்கள். நான் என்னவோ கெட்ட வார்த்தை பேசியதுபோலப் பார்த்தார்கள்.

“இன்னாது?” என்றாள் மனைவி.

“பிரான்சு எனக்கு ஆவாது.”

“ஏன்? அங்க இன்னா உங்களப் புடிச்சிக் கடிக்கிறாங்களா?”

“கடைக்குக் கடை போஞ்சூர் சொல்லணும். பஸ்ஸுல சொல்லணும். அங்க உன் தம்பிக்குத் தெரிஞ்சவங்க வாராவாரம் ஃபங்ஷன் வெப்பாங்க. ஒவ்வொருத்தன்கிட்டயும் கன்னத்த வெச்சி... என்னால முடியாது. ஜெர்மனியில யாரும் பேச மாட்டாங்க. குப்பையக்கூட நான் பிரிச்சிப் போடுவேன். மெஷின் வேல எங்கியும் மெஷின் வேலதான்.”

அத்தனை நீளமாக நான் பேசியது அவர்களுக்கே புதிது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்கையால் வாயை மூடிக்கொண்டாள். மனைவிக்கு வரவில்லை.

“யாரும் பேச மாட்டாங்கன்னு ஒரு ஊரு தேடிப் போறவர நான் இப்பதான் பாக்கறேன். அப்ப நான்? நான் யாருகிட்டப் பேசறது?”

“எங்கிட்டப் பேசு.”

“உங்ககிட்டயா? இந்தச் செவுத்துகிட்டப் பேசலாம். அதுவாவது எதிரொலிக்கும்.”

“எனக்கு நேஷனாலிட்டி இல்ல. பிரெஞ்சுல ஒரு வார்த்தை வராது. அங்க உன் தம்பி வீட்ல நான் மட்டும் ஊமையாட்டம் ஒக்காந்திருக்கணுமா?” என்றேன். “இத்தன வருஷத்துல நான் எதுவும் கேட்டதில்ல. இது ஒன்னு கேக்கறேன்.”

அந்தக் கடைசி வார்த்தை நான் பழகி வைத்திருந்தது இல்லை. எங்கிருந்தோ வந்துவிட்டது. அவள் புளிக்கரைசலில் கையை வைத்தபடியே இருந்தாள். பிறகு சக்கையைப் பிழிந்து வெளியே எறிந்தாள். சாப்பிடும்போது எனக்கு மீனின் தலைத்துண்டை வைக்கவில்லை. வழக்கமாக எனக்குத்தான் வைப்பாள்.

மதியம் ஃபோனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள். மச்சான் வந்ததும், “போ, உங்க மாமாவுக்கு ஜெர்மனிதான் வேணுமாம்” என்றாள். “நாங்க அங்கதான் போறோம். பொண்ணு முன்னாடி போவா, அப்பறம் நாங்க ரெண்டு பேரும்.”

மச்சானுடைய தோள் இரண்டும் இறங்குவதை நான் பின்னால் நின்று பார்த்தேன். அடுத்த நொடியே அவன் குரல் எழும்பியது.

“இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! நான் உங்களுக்காக ரூமே ஒழிச்சி வெச்சிட்டேங்க்கா! பெரியவன ஹால்ல படுக்கச் சொல்லி, கட்டிலெல்லாம் பாத்து வெச்சிருக்கேன்!”

“ரூமா?” என்றாள் அவள்.

“ஆமாங்க்கா! நீங்க வருவீங்கன்னு பசங்க நாள எண்ணிக்கிட்டிருக்குதுங்க. மாமா எங்க? மாமா, இன்னா மாமா நீங்க, இப்படிச் செய்யலாமா? நம்ப வீடு இருக்கறப்ப?”

அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவனுக்கு உண்மையாகவே அப்படி இருந்திருக்கும். கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்குப் பெண் கொடுக்காமல் வெற்றிலை கொடுத்து அனுப்பிய வீடுகளில்கூட, எனக்குக் கல்யாணம் நிச்சயமானது தெரிந்ததும் முதலில் வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

“பரவால்ல மச்சான்” என்றேன். “லீவுக்கு வர்றோம்.”

“லீவுக்கு இன்னா மாமா, ஒரு வாரமாவது இருந்துட்டுத்தான் போவணும், சொல்லிட்டேன்!”

ஃபோனை வைத்ததும் என் மனைவி என் பக்கம் திரும்பினாள். இதற்கு மேல் அவள் பேசியதை எழுத வேண்டியதில்லை. சாயங்காலம்வரை பேசினாள். தம்பி ரூம் ஒழித்து வைத்திருந்தான், பெற்ற பிள்ளையை ஹாலில் படுக்கவைத்துவிட்டு ஒழித்து வைத்திருந்தான், அவனுக்கு இருக்கிற மனசு கூட இருப்பவனுக்கு இல்லை என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன்.

அது ஆகி மழைக்காலம் ஒன்று போய்விட்டது. மகள் மொழிப் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். வேலைக்கு ஒரு சின்ன ஊரில் ஆஸ்பத்திரி கிடைத்திருக்கிறது. அவள் போய் வீடு பார்த்த பிறகு நாங்கள் போவோம். எனக்கும் ‘வணக்கம்’, ‘நன்றி’, ‘தெரியாது’ மூன்றும் ஜெர்மனில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மூன்றாவதுதான் அதிகம் பயன்படும் என்றாள்.

போன வாரம் அவளுக்குக் கம்பளிக் கோட்டு வாங்க பஜாருக்குப் போனோம். புதுச்சேரி வெயிலில் கம்பளிக் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வண்டியை எடுக்கும்போது அவள் கேட்டாள்:

“மாமா விஷயம் அம்மாவுக்குத் தெரியுமாப்பா?”

“இன்னா தெரியுமா?”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஒன்னுமில்ல” என்று சொல்லிவிட்டு, பின்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் கோட்டுப் பையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு கையை என் தோளில் வைத்திருந்தாள். நானும் எதுவும் கேட்கவில்லை. அவளும் கொஞ்சம் என்னைப் போலத்தான்.

வீட்டருகே வந்தபோது என் மனைவி பக்கத்துவீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும், “ஏண்ணே, அவங்க தம்பி அவ்ளோ ஆசையா ரூமெல்லாம் ஒழிச்சி வெச்சிருந்தாராமே. பாவம்ணே இவங்க, நீங்க ஒத்துக்கிட்டிருக்கலாமில்ல?” என்றாள்.

“எனக்கு அந்த ஊரு ஆவாதும்மா” என்றேன்.

“அவர்கிட்ட இன்னாத்தக் கேக்கறீங்க, விடுங்க” என்றாள் என் மனைவி. அவள் குரலில் கோபம் இருந்தது, ஆனால் முகம் மலர்ந்து கிடந்தது. வண்டியை உள்ளே தள்ளும்போது அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்வது கேட்டது. முதலில் அவள் சொன்ன நாட்களில் அது வெறும் ஒரு ரூம். தீபாவளிக்கு வந்த உறவுக்காரர்களிடம் சொன்னபோது அதில் பெரிய ஜன்னல் இருந்தது. இன்றைக்கு அந்த ரூமுக்கு ஒரு பால்கனியும் வந்திருந்தது.